டிவி செலவும் நம்ம தவணையும்

(விழுப்புரத்தில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



திண்டிவனம் பக்கத்துல ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா தவணைக்கு 300 ரூபாய் குறையுதுன்னு தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. பாஸ்புக்கை வரவு வச்சுப் பார்த்தா விஷயம் தெரிஞ்சது. மகன் கிரிக்கெட் பார்க்க அம்மா போன்ல ஓடிடி சந்தா போட்டிருக்கான். முதல் மாசம் சலுகை. அடுத்து அம்மா கணக்கிலிருந்து பணம் தானா போயிடுச்சு. "கேபிளை நிறுத்தவா, இதை நிறுத்தவா?"ன்னு அக்கா கேட்டாங்க.

2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போ கேபிள் ஒண்ணுதான் செலவு. இப்போ கேபிள், நெட் ரீசார்ஜ், ஓடிடி சந்தான்னு மூணாயிடுச்சு. மாசம் 150 ரூபாய்னா சின்னதாத் தெரியும். வருஷத்துக்கு 1,800 ரூபாய்!

சீரியல் பார்க்கிறது தப்பில்லை. நாள் முழுக்கக் களை எடுத்துட்டு வர்ற நமக்கும் பொழுதுபோக்கு வேணும். ஆனா கணக்கு பார்த்து முடிவெடுப்போம்.

கேபிள்ல, 2019 முதல் டிராய் விதிப்படி, வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை உண்டு. பார்க்காத சேனலை எடுக்கச் சொல்லுங்க. ரசீதும் கேளுங்க.

தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாசக் கட்டணமே இல்லை. ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினா போதும். தமிழ் சேனல் குறைவு. எது வரும்னு கேட்டுட்டு வாங்குங்க.

ஓடிடிக்கு சந்தா மட்டும் போதாது, நெட்டும் வேணும். சாதாரண தரத்துலயே ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை செலவாகும். பழைய டிவியில் நேரா வராது. விலை குறைஞ்ச மொபைல் பிளான்ல பெரும்பாலும் ஒரு போன்லதான் பார்க்க முடியும். மாமியாரும் நாமும் சேர்ந்து பார்க்கிறதுக்கு அது உதவுமா?

முக்கியமா ஒண்ணு. ஆப்பை அழிச்சா சந்தா நிற்காது. பணம் அனுப்புற ஆப்ல 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் ரத்து செய்யணும். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால மெசேஜ் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அந்த மெசேஜைப் படிக்காம விடாதீங்க.

அந்த அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? கேபிளை வச்சுக்கிட்டு, பார்க்காத சேனல்களை எடுத்துட்டாங்க. ஆட்டோபேயை ரத்து செஞ்சாங்க. "மேட்ச் நடக்கிற மாசம் மட்டும் கேளு, தர்றேன்"னு மகன்கிட்ட சொல்லிட்டாங்க. அடுத்த கூட்டத்துல தவணையை முழுசாக் கட்டினாங்க.

குழு நோட்டுல ஒவ்வொரு ரூபாயும் எழுதுறோமே, இன்னைக்கு வீட்டுக்குப் போய் டிவி செலவையும் எழுதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோட வாங்க.