பழகிய பாடலும் புதிய குரலும்



பன்முறை கேட்டு நெஞ்சில் பதிந்துவிட்ட பாடல் ஒன்றைப் புதியவர் ஒருவர் பாடக் கேட்கும்போது நம் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "முன்னவர்போல் இல்லை." இத்தீர்ப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அஃது எதனையும் விளக்குவதில்லை. முன்னவர்போல் இல்லாமை குறையா, நிறையா, வெறும் வேறுபாடா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் ஒப்பீடும் தொடங்குகிறது. அவ்வொப்பீட்டை எவ்வாறு செய்வது என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

இதற்கு ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இசை நாடக மேடையில் 1973ஆம் ஆண்டு பிறந்த 'சென்ட் இன் தி கிளவுன்ஸ்' என்னும் பாடல் அது. 'கோமாளிகளை வரச்சொல்லுங்கள்' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தமிழ் அவையில் ஆங்கிலப் பாடல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு நெருக்கமான தமிழ்ப் பாடலை எடுத்தால், ஆராய்ச்சி தொடங்கும் முன்னரே நம் விருப்பு வெறுப்பு முந்திக்கொள்ளும். சற்றுத் தொலைவில் உள்ள பாடலில் அந்த இடர் குறைவு. மேலும், அதனை ஆராய்வதற்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், மெய்ப்பாடு, எச்சம் என்னும் ஐந்தும் நமக்கு இன்று பயன்படும். சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில், எவ்வுணர்ச்சியோடு, எதனைச் சொல்லாமல் விட்டு என்னும் ஐந்து வினாக்களாக அவற்றைக் கொள்வோம்.

பாடல் பிறந்த சூழல்

'அ லிட்டில் நைட் மியூசிக்' என்னும் இசை நாடகம் 1973 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறியது. சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1955இல் உருவாக்கிய திரைப்படமே அதன் மூலம். உரையாடலை ஹியூ வீலரும், பாடலையும் இசையையும் ஸ்டீவன் சோண்ட்ஹைமும் எழுதினர். ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கினார்.

டெசிரே என்பவள் நடுவயதை எட்டிய நாடக நடிகை. முன்னாளில் அவளை விரும்பிய வழக்கறிஞர் ஃபிரெட்ரிக், இப்போது தம் மகள் வயதுடைய பெண்ணை மணந்திருக்கிறார். அம்மணம் பெயரளவில்தான் இருக்கிறது. இரண்டாம் பகுதியில், தனியறையில், டெசிரே தன் மனத்தைத் திறந்து அவரை அழைக்கிறாள். அவரோ இளம் மனைவியின் மீதுள்ள மயக்கத்தை விட இயலாமல் மறுத்துவிடுகிறார். பல்லாண்டு ஊர் ஊராக நடித்துத் திரிந்தவள், வாழ்வில் நிலையான துணை வேண்டுமென்று எண்ணிய அன்றே கதவு மூடப்படுகிறது. அந்நிலையில் பிறப்பதே இப்பாடல்.

இக்காட்சிக்குரிய பாடல் ஃபிரெட்ரிக்குடையதாக இருக்க வேண்டும் என்றே சோண்ட்ஹைம் முதலில் எண்ணியிருந்தார். ஒத்திகையின்போது பிரின்ஸ், காட்சியின் உந்துவிசை டெசிரேயிடம் இருக்குமாறு அதனை அமைத்துக் காட்டினார். அதன் பின்னரே பாடல் அவளுடையதாயிற்று. கூற்று மாறினால் பாடலே மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தலைப்பில் வரும் கோமாளிகள் வட்டரங்கு வித்தைக்காரர்கள் அல்லர். நாடகம் சரிவர நடவாதபோது கோமாளிகளை அனுப்பிச் சமாளிப்போம் என்பது மேடைக்காரர் பேச்சு. சோண்ட்ஹைமே பலமுறை இவ்விளக்கத்தைத் தந்துள்ளார். தன் வாழ்க்கைக் காட்சி சிதைந்துபோன நேரத்திலும் நடிகை ஒருத்தி தன் தொழிற்சொல்லாலேயே பேசுகிறாள். இங்குள்ள மெய்ப்பாடு அழுகை மட்டுமன்று. தன்னையே எள்ளும் நகையும், தாழ்வுற்றதால் தோன்றும் இளிவரலும் அதனோடு கலந்திருக்கின்றன.

முதற்குரலின் அச்சு

டெசிரேயாக முதலில் நடித்தவர் கிளினிஸ் ஜான்ஸ். 1964இல் வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்' திரைப்படத்தில் பிள்ளைகளின் தாயாக அவரைப் பலர் பார்த்திருப்பீர்கள். கரகரப்பும் இனிமையும் கலந்த குரல் அவருடையது. ஆனால், நெடுநேரம் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும் மூச்சு அவருக்கு இல்லை. சோண்ட்ஹைம் அக்குறையை மறைக்க முயலவில்லை. அதனையே பாடலின் அமைப்பாக ஆக்கினார். தொடர்கள் குறுகியவை. பல தொடர்கள் வினாக்கள். ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் மூச்சு வாங்க இடம் உண்டு.

அவர் செய்த இன்னொரு நுட்பத்தைத் தமிழாசிரியர்கள் உடனே உணர்வீர்கள். தொடர்களின் ஈற்றில் நீட்ட இயலாத மெய்யொலிகளை அவர் வேண்டுமென்றே வைத்தார். முதல் வினாவே அத்தகைய ஒலியில் வெட்டுண்டு நிற்கிறது. தமிழில் வல்லின மெய் சொல்லின் ஈற்றில் வாராது. ஆதலால் நம் பாடகர்களுக்கு ஈற்றில் உயிரோ, நீட்டத்தக்க மெல்லின, இடையின மெய்யோ எப்போதும் கிடைக்கும். ஆங்கிலத்தில் அவ்வரம்பு இல்லை. அவ்வாய்ப்பைக் கொண்டு, பாடகி விரும்பினாலும் நீட்ட முடியாத பாடலை அவர் ஆக்கினார். அதனால் கேட்போருக்கு எது கிடைக்கிறது? பேச வந்த பெண் பேச்சை முடிக்க இயலாமல் தடுமாறுவது போன்ற தோற்றம். பாடகியின் மூச்சுக்குறை பாத்திரத்தின் மனக்குறையாக மாறிவிட்டது.

அந்நாடகத்தின் இசை ஏறத்தாழ முழுவதும் மூன்றன் மடங்கில் நடக்கும் தாளங்களால் ஆனது. வால்ட்ஸ் என்னும் ஐரோப்பிய நடனத்தின் நடை அது. இப்பாடலில் அந்நடை ஒருபடித்தாய்ச் செல்வதில்லை. ஓரடியில் நான்கு மும்மைகளும் மற்றோரடியில் மூன்று மும்மைகளுமாக அது கூடிக் குறைகிறது. நடனத்தில் காலடி தவறியவரின் தயக்கம் தாளத்திலேயே இருக்கிறது.

ஆகவே முதற்பாடகியின் உடல் இப்பாடலுக்குள் இருக்கிறது. முன்னவர்போல் இல்லை என்று கூறும் நேயரை வெறும் பழமை விரும்பி என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அவர் உணர்வது உண்மை. இப்பாடல் ஒருவரின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை. வேறொருவர் அணியும்போது வேறுபாடு தெரியத்தான் செய்யும்.

மேடையை விட்டுப் புறப்பட்ட பாடல்

நாடகம் மேடையேறிய அதே ஆண்டில் ஃபிராங்க் சினாட்ரா இப்பாடலை இசைத்தட்டில் பாடினார். ஜூடி காலின்ஸ் 1975இல் பாடிய பதிவு உலகெங்கும் பரவியது. அதனால் 1976இல் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல் என்னும் சிறப்பும் இதற்குக் கிட்டியது. காலின்ஸின் குரல் தெளிந்த நீரோட்டம் போன்றது. இடைவெளிகளை அவர் மெல்லிய இழையாக இணைத்துச் செல்கிறார். தனியே அமர்ந்து கேட்பவருக்கு அது பேரின்பம்.

அதே வேளையில் கேட்போர் மாறிவிடுகிறார். டெசிரேயின் எதிரே ஃபிரெட்ரிக் அமர்ந்திருக்கிறார். காலின்ஸின் எதிரே இருப்பவர் வானொலி நேயர். மறுத்தவர் முகத்தைப் பார்த்துக் கேட்ட வினா, பொதுவாக உலகை நோக்கிய பெருமூச்சாகிவிடுகிறது. கோமாளிகள் யார் என்று பலர் சோண்ட்ஹைமிடம் கேட்கத் தொடங்கியதற்கும் களன் இழந்த இந்நிலையே காரணம். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1985இல் இதனைப் பதிவு செய்தபோது, பாடலுக்கும் நாடக இறுதியில் வரும் அதன் மறுபாடலுக்கும் இடையிலுள்ள காட்சி இல்லாமையால் ஏதோ குறைவதை உணர்ந்தார். அவர் வேண்டுகோளுக்கிணங்கச் சோண்ட்ஹைம் சில அடிகளைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். இசைத்தட்டுப் பாடகர்கள் தவறு செய்தனர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் வேறொரு களனுக்குப் பாடினர். அவர்களை மேடைப் பாடகியோடு ஒப்பிடும்போது அதனை நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

மேடைக்கு மீண்ட குரல்கள்

1995இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் ஜூடி டென்ச் டெசிரேயாக நடித்தார். அவருக்கு அப்போது அகவை 60. பாடகி என்பதனினும் நடிகை என்றே உலகம் அவரை அறியும். டென்ச் இப்பாடலைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்துகிறார். குரல் உடைகின்ற இடத்தை மறைப்பதில்லை. ஆயினும் அவர் ஜான்ஸைப் பின்பற்றவில்லை. ஜான்ஸிடம் வியப்போடு கலந்த வருத்தம் மேலோங்கும். டென்ச்சிடம் தன்மீதே எழும் சினம் மேலோங்கும். சொற்கள் அவையே, இடைவெளிகளும் அவையே. அவ்விடைவெளிகளை நிரப்பும் எச்சம் வேறு. 2010இல், சோண்ட்ஹைமின் 80ஆம் அகவையை ஒட்டி இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நிகழ்ந்த இசைவிழாவிலும் அவர் இதனைப் பாடினார். அங்கே நாடகக் காட்சி இல்லை, ஃபிரெட்ரிக்கும் இல்லை. இருந்தும், எதிரே ஒருவர் அமர்ந்து மறுத்துவிட்டார் என்பதனை அவர் பார்வையிலிருந்தே நாம் அறிகிறோம். களனைத் தம்முடனே எடுத்துச் சென்ற கலைஞர் அவர்.

அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரே தயாரிப்பில் இரண்டு குரல்களை ஒப்பிடும் வாய்ப்பும் நேர்ந்தது. 2009 டிசம்பரில் தொடங்கிய மறுமேடையேற்றத்தில் கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் டெசிரேயாக நடித்து, 2010 ஜூனில் டோனி விருதும் பெற்றார். விருது விழாவில் அவர் இப்பாடலைப் பாடியதைத் தொலைக்காட்சியில் கண்ட பலர், உணர்ச்சி மிகையாயிற்று என்று குறை கூறினர். அடுத்த மாதமே அப்பாத்திரம் பெர்னடெட் பீட்டர்ஸுக்குச் சென்றது. சோண்ட்ஹைமின் நாடகங்களில் நெடுங்காலம் பழகியவர் அவர். குரலைத் தாழ்த்தி, கண்ணீரை அடக்கிக்கொண்டு அவர் பாடிய முறை பெரும் பாராட்டைப் பெற்றது.

இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பின்னவரே சிறந்தவர் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால், எதனோடு எதனை ஒப்பிட்டோம்? முன்னவர் விழா மேடையில், காட்சியின்றி, விருது எதிர்பார்ப்பின் நடுவே, சில நிமிடங்களில் பாடிய ஒன்றனை. பின்னவர் முழு நாடகத்தின் நடுவே, இரண்டு மணி நேரம் வளர்த்த பாத்திரமாய் நின்று பாடிய ஒன்றனை. களன் வேறாக இருக்கும்போது குரல்மேல் தீர்ப்பு வழங்குவது முறையாகாது. இருவரையும் ஒரே அரங்கில் கண்டவரின் ஒப்பீட்டுக்கே எடை அதிகம்.

இன்னொன்றும் உண்டு. புகழ்பெற்ற பாடலைப் பாட வருபவர், அவையினர் அதற்காகவே காத்திருப்பதனை அறிவார். டெசிரே அதனை அறியமாட்டாள். இறுதியில் இளம் மனைவி வேறொருவனோடு சென்றுவிடுவாள், ஃபிரெட்ரிக் தன்னிடம் வருவார் என்பதும் அவளுக்குத் தெரியாது. புதிய பாடகி பாடலின் புகழைப் பாடுகிறாரா, பாத்திரத்தின் அந்த ஒரு கணத்தைப் பாடுகிறாரா என்பதே நாம் கேட்கத்தக்க முதல் வினா. பின்னதைச் செய்தவர் முன்னவர்போல் இராவிட்டாலும் பாடலுக்கு உண்மையானவர். முன்னவரின் கரகரப்பை மட்டும் படியெடுத்தவர் முன்னவர்போல் இருந்தாலும் பாடலை விட்டு விலகியவர்.

நம் வகுப்பறையில்

ஆசிரியப் பெருமக்களே, இவ்வளவும் கூறியது நம் பிள்ளைகளை எண்ணியே. கவிதை ஒப்பித்தல் போட்டி வருகிறது. நல்ல ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி மாணவருக்குப் போட்டுக் காட்டுகிறோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். பிள்ளையோ பதிவிலுள்ளவர் பெருமூச்சு விட்ட இடத்தில் பெருமூச்சு விடுகிறது. கை உயர்த்திய இடத்தில் கை உயர்த்துகிறது. ஏன் அங்கே பெருமூச்சு என்று கேட்டால் விடை இல்லை. அப்படியே செய்யாத பிள்ளையிடம், "அவர்போல் இல்லையே" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைக்கு அச்சொல் கனமானது. தமிழ்க் கவிதை பிறர் குரலில் மட்டுமே அழகாக இருக்கும் என்று அப்பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். அதன் பிறகு அது வாய் திறப்பது அரிது.

வரிசையை மாற்றிப் பார்ப்போம். முதலில் பனுவல். யார் சொல்கிறார், யாரிடம், எங்கே, எவ்வுணர்வோடு, எதனைச் சொல்லாமல் விட்டு என்னும் ஐந்து வினாக்கள். அதன்பின் இரண்டு மாணவர் தத்தம் மூச்சின் அளவிற்கேற்பச் சொல்லட்டும். இறுதியில் ஒலிப்பதிவு. அப்போது அப்பதிவு மாணவர்க்கு எசமானன் ஆகாது, மூன்றாவது குரலாகும். மூன்றையும் ஒப்பிட்டு அவர்களே பேசுவார்கள். குட்டையான மூச்சுடைய பிள்ளை எங்கே நிறுத்தியது, அந்நிறுத்தம் பொருளுக்கு என்ன செய்தது என்று கேளுங்கள். சில வேளைகளில் அக்குறையே கவிதையின் புதிய பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. பழைய குரலை மறவாதீர்கள். பாடலை வார்த்த அச்சு அதில் இருக்கிறது. ஆனால், கேட்டு முடித்தபின் பனுவலுக்குத் திரும்பி உங்கள் குரலில் அதனைச் சொல்லிப் பாருங்கள்.

கிளினிஸ் ஜான்ஸ் 2024 ஜனவரியில், தம் 100ஆம் அகவையில் மறைந்தார். சோண்ட்ஹைம் 2021இலேயே மறைந்துவிட்டார். அவருடைய மூச்சுக்கென எழுதிய இடைவெளிகள் பாடலில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் இன்றும் புதியவர் ஒருவர் மூச்சு வாங்கி அடுத்த வினாவைத் தொடங்குகிறார். நம் கவிதைகளிலும் அத்தகைய இடங்கள் உண்டு. அவற்றை நம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்போம்.