திரைக்கு முன் தேர்வு

பொறியியல் மாணவர் எழுதும் கேட் தேர்வு 2014 முதல் முழுவதும் கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. 3 மணி நேரம், 65 வினாக்கள். திரையின் மூலையில் குறைந்துகொண்டே வரும் நேரத்தைக் கண்டதும் நன்கு கற்றவனின் நெஞ்சும் படபடக்கிறது. இது பாடம் அறியாமையால் விளையும் அச்சமன்று. கருவி பழகாமையால் விளைவது. தாளில் எழுதிப் பழகிய கைக்குச் சுட்டெலி புதிது; திரையில் தோன்றும் கணக்கிடு கருவியும் புதிது.

இதற்கு மருந்து யாது? தேர்வை நடத்துவோரே மாதிரித் தேர்வை இணையத்தில் வைத்திருக்கின்றனர். அதனைப் பலமுறை எழுதிப் பாருங்கள். விடையளித்த வினாவுக்குப் பச்சை, விடையளிக்காமல் கடந்ததற்குச் சிவப்பு, மீண்டும் பார்க்க வைத்ததற்கு ஊதா என்பது கண்ணுக்குப் பழகட்டும். விடையைக் குறித்தபின் சேமிக்கும் பொத்தானை அழுத்துதல் விரலுக்கு வழக்கமாகட்டும். பின்னர்த் தேர்வு நாளில் உங்கள் கருத்து வினாவில் மட்டுமே நிற்கும்.