பட்டப்படிப்பு எங்களுக்குக் கற்பித்தது
(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆலிமாக ஓதி முடித்தவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு என்று கேட்போர் உளர். வேலை தராத பட்டம் எதற்கு என்று பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்துவோரும் உளர். இவ்விரு வினாக்களுக்கும் எங்கள் அனுபவத்தையே விடையாக வைக்கிறோம்.

மதரஸாவில் ஸனது பெற்ற எங்களில் சிலர், தனித்தேர்வர்களாகப் பிளஸ் டூ எழுதித் தேறி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தோம். 1857இல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகம், 1981இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. இமாமத் பணியை விட இயலாத எங்களுக்கு அவ்வாயிலே திறந்திருந்தது. ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் படித்தோம். விடுமுறை நாள் வகுப்புகளுக்கு, தொழுகைப் பொறுப்பை மோதினாரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றோம்.

மதரஸாவில் உஸ்தாதின் முன் அமர்ந்து கிதாபை வாசித்துப் பொருள் கூறுவோம். பல்கலைக்கழகத் தேர்விலோ, ஒரு கருத்துக்குரிய காரணங்களை வரிசைப்படுத்தி மூன்று மணி நேரம் எழுத வேண்டும். அப்பயிற்சி எங்கள் ஜும்ஆ பயானையும் சீர்படுத்தியது.

அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. ஒரு செய்தியைக் கூறியவர் யார்? நேரில் கண்டவரா? எவருக்குச் சார்பானவர்? வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினாக்கள் இவை. ஹதீஸ் கலையில் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரை ஆராயும்போது இவற்றை நாங்கள் முன்பே ஓதியிருந்தோம். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், பழங்காலப் படைகளின் எண்ணிக்கை பற்றி முன்னோர் எழுதியதையும் நடைமுறைக்கு ஒக்குமா என்று ஆராய்ந்தார். மதரஸாவில் கற்ற முறையை உலகச் செய்திகளிலும் கையாளப் பட்டப்படிப்பு எங்களைப் பழக்கியது.

இதன் தேவை இன்று பெரிது. "இதை ஜும்ஆவில் சொல்லுங்கள் ஹழ்ரத்" என்று இளைஞர்கள் கைப்பேசியில் காட்டும் செய்திகளில் ஊரும் தேதியும் இல்லாதவை உண்டு. பழைய படத்தைப் புதிய நிகழ்வாகக் காட்டுபவையும் உண்டு. மிம்பரில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. அச்சொல்லால் ஒரு தெருவின் அமைதியே குலையக்கூடும். செய்தியைத் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதற்குரிய பயிற்சியைத் தரும் கல்வி, வேலை தராவிடினும் வீணன்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மதரஸா மாணவர்கள் ஓதும் காலத்திலேயே பள்ளித் தேர்வுகளை எழுத வழிசெய்யுங்கள். ஜமாஅத்தின் கல்வி உதவியை முதலாண்டுக் கட்டணத்தோடு நிறுத்தாமல் மூன்றாண்டுகளுக்கும் வழங்குங்கள். கல்லூரி செல்லும் பெண்மக்களின் படிப்பைத் திருமணப் பேச்சின் பொருட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு உண்மையைப் பிரித்தறியக் கற்பிக்கும் முதல் உஸ்தாது தாயே.

பயனுள்ள கல்வியை நம் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.