உறைநிலமும் கலைச்சொல்லும்



பல்லாண்டுகளுக்கு முன், வகுப்பில் நான் ‘நிரந்தர உறைபனி’ என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தேன். “நிரந்தரமெனில் அஃது உருகுவது எவ்வாறு ஐயா?” என்று மாணவி ஒருவர் வினவினார். அன்று என்னிடம் விடையில்லை. பிழை அவரிடம் இல்லை. நான் கற்பித்த சொல்லில் இருந்தது.

அலாஸ்கா, வட கனடா, சைபீரியா ஆகிய பகுதிகளில் கோடையில் மேல்மண் இளகினும் அடிமண் உறைந்தே கிடக்கிறது. 1943இல் சீமோன் முல்லர் என்னும் அமெரிக்க நிலவியலாளர் இதற்குப் ‘பெர்மாஃபிராஸ்ட்’ எனப் பெயரிட்டார். அதன் நேர்பெயர்ப்பே நம் ‘நிரந்தர உறைபனி’. எனினும் அது பனியன்று, நிலம், நிரந்தரமும் அன்று. தொடர்ந்து ஈராண்டுகளேனும் 0 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் என்பதே வரையறை.

பொறியாளர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. உறைந்திருக்கும்வரை அந்நிலம் பாறைபோல் தாங்கும். கட்டடத்தின் வெப்பம் கீழிறங்கின் மண்ணிலுள்ள பனிக்கட்டி உருகும், நிலம் அமிழும், சுவர் பிளக்கும். ஆதலின் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் கட்டடங்களைத் தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் குளிர்காற்று உலவ இடம் விடுகின்றனர்.

1977இல் நிறைவுற்ற அலாஸ்கா எண்ணெய்க்குழாய் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுடையது. சூடான எண்ணெய் நிலத்தை இளக்கிவிடும் என்பதால், பாதிக்கு மேற்பட்ட தொலைவு அது தரைக்குமேல் தூண்களில் செல்கிறது. தூண்கள் பலவற்றில் அம்மோனியா அடைத்த குழல்கள் உள்ளன. குளிர்காலத்தில் அம்மோனியா நிலத்தின் வெப்பத்தை ஏற்று ஆவியாகி மேலேறும். குளிர்காற்றில் அவ்வெப்பத்தை இழந்து, நீர்மமாகி மீண்டும் கீழிறங்கும். நிலம் நிரந்தரமாக உறைந்ததெனின் இத்துணைக் காவல் எதற்கு? புவி வெப்பமடைந்துவரும் இந்நாளில் அக்காவலும் கடினமாகி வருகிறது.

‘நித்திய உறைவு’ எனப் பொருள்படும் சொல்லை வழங்கிவந்த உருசிய அறிஞர்கள், பின்னர்ப் ‘பல்லாண்டு உறைந்த’ என்னும் பொருளுடைய சொல்லை மேற்கொண்டனர். சீனரும் ‘பல்லாண்டு உறைமண்’ என்றே வழங்குகின்றனர். நாமும் ‘பல்லாண்டு உறைநிலம்’ எனலாம் என்பது என் பரிந்துரை.

ஆசிரியர்களே, கலைச்சொல் ஆக்குமுன் பிறமொழிச் சொல்லை நோக்காது, பொருளின் வரையறையை நோக்குங்கள். மாணவர்களே, சொல் ஐயம் எழுப்பினால் அம்மாணவியைப் போல் தயங்காது கேளுங்கள். அவருக்கு நான் தரவேண்டிய விடையை இன்று உங்கள்முன் வைத்தேன்.