குடாநாட்டின் மேல்வானம்



திருநெல்வேலி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று தாமிரபரணிக் கரையிலே அமைந்த பெருநகரம். மற்றொன்று நமது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. பேச்சு வழக்கிலே தின்னைவேலி. முன்னதன் அருகே, கிருஷ்ணாபுரம் என்னுமிடத்தில், இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வுகூடம் ஒன்று வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. பின்னதிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் மேலே இருப்பது ஏறக்குறைய ஒரே வானந்தான். அந்த வானத்திலே, உலகின் பெரும்பாகத்திற் காணக் கிடையாத சில காரியங்கள் நாள்தோறும் நடைபெறுகின்றன. அவற்றுக்கும் பலாலியில் வந்திறங்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பூமத்திய ரேகையை நாம் எல்லோரும் பள்ளியிலே படித்திருக்கிறோம். அதைப் போலவே காந்த நடுக்கோடு என்று ஒன்றும் உண்டு. ஒரு காந்த ஊசியை அதன் நடுவே நூலாற் கட்டித் தொங்கவிட்டால், வடதேசங்களில் அதன் வடமுனை நிலத்தை நோக்கிச் சாயும்; தென்தேசங்களில் தென்முனை சாயும். எந்தப் பக்கமும் சாயாமல், துலாக்கோல் போல மட்டமாக நிற்கும் இடங்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால் கிடைப்பது காந்த நடுக்கோடு. அது பூமத்திய ரேகையோடு ஒட்டிப் போவதில்லை. தென்னமெரிக்காவிலே தெற்கே இறங்கிப் பேரு நாட்டைக் கடக்கிறது. நமது பக்கத்திலோ வடக்கே ஏறி, குமரி முனையை ஒட்டி வந்து, இலங்கையின் மேலாகச் செல்கிறது. யாழ்ப்பாணம் அக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது.

இதனால் என்ன விசேடம் என்று கேட்பீர்கள். நிலத்திலிருந்து நூறு கிலோமீற்றர் உயரத்துக்கு அப்பால் காற்று மிக மெலிந்து போகிறது. அங்கே சூரியனின் புறஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களைத் தாக்கி, அவற்றிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. ஆகவே அந்த மண்டலம் மின்சாரத்தைக் கடத்த வல்லதாகிறது. அதையே அயன மண்டலம் என்கிறோம். தூரதேசத்து நிலையங்களின் சிற்றலை ஒலிபரப்பு, கண்ணாடியிற் பட்ட ஒளிபோலத் திரும்பி நமது வானொலிப் பெட்டிக்கு வந்து சேர்வது இம்மண்டலத்தின் உதவியினாலேதான். காந்த நடுக்கோட்டுக்கு நேர்மேலே, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் வேளையிலே ஒரு மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதன் அகலம் ஏறக்குறைய 600 கிலோமீற்றர். அதில் ஓடும் மின்சாரமோ பல பத்தாயிரம் அம்பியர். நம் வீட்டு மின்விளக்கு அரை அம்பியர்தானும் எடுப்பதில்லை என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். 1951இல் சிட்னி சப்மன் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு பெயரிட்டார்; தமிழிலே நாம் அதை மின்னோடை என்று சொல்லலாம். காங்கேசன்துறை முதல் ஆனையிறவு வரை நமது குடாநாடு முழுவதும் அந்த ஓடையின் அடியிலேதான் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஓடையை மனிதர் எப்படிக் கண்டார்கள்? பேரு நாட்டின் உவாங்காயோ என்ற மலையூரிலே வைக்கப்பட்ட காந்தமானி, நடுப்பகலில் மற்ற இடங்களைக் காட்டிலும் இருமடங்கு அளவில் அசைந்தது. அதுவே முதற் தடயம். பின்னர் நமது கடலுக்கு அப்பால் உள்ள கோடைக்கானலிலும் அதே அசைவு காணப்பட்டது. ஆனால் நிலத்திலிருந்து பார்ப்பது கிணற்று நீரை மேலிருந்து பார்ப்பது போன்றது. ஆழம் தெரிய வேண்டுமானால் கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கயிறாக வந்ததுதான் ரொக்கெட்.

1963 நவம்பர் 21ஆந் திகதி, திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து முதல் ரொக்கெட் ஏவப்பட்டது. ரொக்கெட் அமெரிக்கருடையது, அதற்குள் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் விக்கிரம் சாராபாய். அங்கிருந்த தேவாலயமே முதலில் அலுவலகமாயிற்று. ரொக்கெட்டின் பாகங்கள் சைக்கிளிலே கொண்டு செல்லப்பட்டன. சூரியன் மறைந்த சற்று நேரத்தில், வானத்தின் உச்சியிலே செம்மஞ்சள் நிறமான ஒரு முகில் விரிந்தது. அந்த முகில் எத்திசையில் எவ்வளவு வேகமாகக் கலைந்தது என்பதைப் படம் பிடித்து, அவ்வுயரத்துக் காற்றை அளந்தார்கள். அடுத்த ஆண்டிலே காந்தமானி ஏற்றிய ரொக்கெட்டுகள் மின்னோடையை ஊடுருவிச் சென்று அதன் உயரத்தை நேரிலே அளந்து வந்தன. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது என்பதுதான். இந்தியாவின் விண்வெளி முயற்சி சந்திரனை நினைத்துத் தொடங்கியதன்று. தன் தலைக்கு மேலே இருந்த இந்த ஓடையை நினைத்தே தொடங்கியது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பகலில் நடப்பது இது. அந்தி சாய்ந்தபின் நடப்பது இன்னும் விசித்திரமானது. பொழுதுபட்டவுடன் அயன மண்டலத்தின் அடிப்பாகத்தில் இலத்திரன்கள் விரைவாகக் குறைந்துபோகின்றன. மேற்பாகத்திலோ அவை செறிந்தே இருக்கின்றன. அதே வேளையில் அம்மண்டலம் முழுவதும் மேலே தூக்கப்படுகிறது. கனமானது மேலும் இலேசானது கீழுமாக ஒரு நிலை உண்டாகிறது. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் இருக்க, அதன்மேல் நீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீர் கீழே இறங்க, எண்ணெய் குமிழ் குமிழாய் மேலே கிளம்பும். அவ்வாறே இலத்திரன் குறைந்த பெருங்குமிழிகள் அயன மண்டலத்தினூடே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்புகின்றன. பங்குனி, சித்திரையிலும், புரட்டாதி, ஐப்பசியிலும் நமது பக்கத்திலே அவை அதிகம். சூரியன் தனது 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தில் இருக்கும்போது இன்னும் அதிகம். அண்மைய உச்சம் 2024ஐ ஒட்டி வந்தது.

இனி விமானத்துக்கு வருவோம். பலாலி விமானத் தளம் இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம், ‘சீதாதேவி’ என்ற டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. அதன்பின் வந்த யுத்தத்தையும், அத்தளத்தைச் சூழ்ந்த காணிகளை இழந்த குடும்பங்களையும் பற்றிச் சொல்லப் புகுந்தால் அது வேறொரு பேச்சாகிவிடும். 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நோய்த்தொற்றால் இடையிலே நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

டக்கோட்டாவை ஓட்டியவர் நிலத்திலிருந்து வந்த வானொலிச் சைகையையும், கடற்கரையின் வளைவையும், தம் கண்ணையும் நம்பினார். இன்றைய விமானி இவற்றோடு செய்மதிகளையும் நம்புகிறார். வழிகாட்டும் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றுகின்றன. அவற்றின் சைகை நம்மை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படுகிறது. ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைத்தால், தூரத்திலே 30 சென்ரிமீற்றர் பிழைக்கும். அயன மண்டலத்தைக் கடக்கும்போது சைகை தாமதமாகிறது. இந்தத் தாமதத்தால் உண்டாகும் பிழை சில மீற்றரிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேலும் போகலாம். கடலிலே படகோட்டுபவருக்கு இது பெரிய காரியமன்று. முகில் மூடிய வேளையில் ஓடுபாதையைத் தேடி இறங்கும் விமானத்துக்கு இது பெரிய காரியம்.

இப்பிழையைத் திருத்துவதற்கென்றே இந்தியா ‘ககன்’ என்ற அமைப்பை உருவாக்கியது. நாடெங்கும் 15 இடங்களிலே வைத்த நிலையங்கள் தாமதத்தை அளக்கின்றன; திருத்தம் செய்மதி வழியாக விமானங்களுக்கு அனுப்பப்படுகிறது. மேல்நாடுகளின் சூத்திரங்கள் காந்த நடுக்கோட்டு வானத்துக்குப் பொருந்தாமற் போனமையால், இந்திய விஞ்ஞானிகள் தமக்கென்று ஒரு கணிப்பு முறையை வகுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் ஒரு குறை உண்டு. திருத்தம் சொல்லப்படும் புள்ளிகள் ஐந்து பாகைக்கு ஒன்றாக, அதாவது சுமார் 550 கிலோமீற்றருக்கு ஒன்றாக இருக்கின்றன. அந்திக் குமிழிகளிற் பல அதைவிடச் சிறியவை. பெரிய கண் உள்ள வலையிலே சூடை மீன் அகப்படுமா? குமிழி குறுக்கிட்டால் செய்மதியின் சைகை நட்சத்திரம் மினுங்குவது போல மினுங்கி, சில வேளை அறுந்தும் போகிறது. இதைக் கேட்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. விமானியிடம் வேறு கருவிகளும் உண்டு, பகலில் வந்துபோகும் விமானத்துக்கு இக்குமிழிகளால் தொல்லையும் இல்லை. ஆனால் இரவுச் சேவை பெருகும் காலத்தில், பலாலிக்கு மேலே உள்ள வானத்தைப் பற்றி டெல்லியிலும் பெங்களூரிலும் கணித்ததை மாத்திரம் வைத்துக்கொண்டு திருப்திப்பட முடியாது என்பதே என் அபிப்பிராயம்.

2010 ஜனவரி 15ஆந் திகதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். அன்று மதியம் கங்கண சூரிய கிரகணம். சந்திரனின் நிழல் குமரிப் பகுதியையும் இராமேசுவரத்தையும் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. சூரியன் ஏறத்தாழ 10 நிமிடம் பொன் வளையமாக நின்றது. அக்கரையிலே, தும்பாவிலிருந்தும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ரோகிணி ரொக்கெட்டுகள் முதல் நாளும் அன்றும் மேலே சென்றன. காந்தமானிகள் ஓய்வின்றிப் பதிவு செய்தன. மின்னோடை அன்று தன் வழக்கமான திசையை விட்டு மேற்கு நோக்கி ஓடியதைக் கண்டார்கள். அதற்குக் கிரகணம் எவ்வளவு காரணம், அமாவாசைச் சந்திரனின் ஈர்ப்பு எவ்வளவு காரணம் என்று பின்னர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள். இக்கரையிலே யுத்தம் முடிந்து எட்டு மாதம். கிரகணம் பார்க்கத் தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதே அப்போது பெரிய காரியமாயிருந்தது.

எனினும் வானத்தை அளந்து பார்த்து வழக்குத் தீர்ப்பது குடாநாட்டுக்குப் புதிதன்று. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் வானநூல் பாடமாக இருந்தது. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தை ஒட்டி, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தபோது, இரு சாராரும் கிரகணத்தையே சாட்சியாகக் கொண்டார்கள். அதிலே மதப் போட்டியும் கலந்திருந்தது என்பது உண்மை. ஆயினும் அதே செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், தமிழரின் வானநூலைக் கற்று, அதை 1848இல் ஆங்கிலத்திலே அச்சிட்டு வெளியிட்டார். பின்னாளில் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அலன் ஏபிரகாம், ஹலியின் வால்வெள்ளியைக் கணித்துப் புகழ்பெற்று, இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியதும் அந்த வட்டுக்கோட்டையிலேதான்.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அத்தகைய காலத்திலே இரவு பகலாக ஓடவேண்டிய கருவியை எவர் ஓட்டுவது? மேல்வான ஆராய்ச்சியின் இயல்பு என்னவென்றால், தவறிய ஆண்டை மறுபடி அளக்க முடியாது. தென்பாண்டித் திருநெல்வேலியில் 1992 முதல் ஒரு ராடர், 80, 90 கிலோமீற்றர் உயரத்துக் காற்றை அளந்து வந்தது. அந்த ஆய்வுகூடத்தின் மதிப்பு கருவியின் விலையில் இல்லை. இடைவிடாத பதிவில் இருக்கிறது.

நல்லவேளையாக, இக்காலத்தில் இதற்கு ரொக்கெட் வேண்டியதில்லை. செய்மதிச் சைகையின் மினுக்கத்தைப் பதியும் ஏற்பி ஒன்றைப் பல்கலைக்கழகக் கூரையின்மேல் வைத்துவிடலாம். காந்தமானிக்குத் தேவை வாகனமும் இரும்பும் அணுகாத ஒரு மூலை. தீவகத்திலே அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. இவற்றை நாள் தவறாமற் கவனித்து எழுதிவைக்க இரண்டு மாணவர்கள் வேண்டும். அவர்கள் பட்டம் பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு வர வேறு இரண்டு மாணவர்கள் வேண்டும்.

சிற்றலை வானொலிப் பெட்டியை இன்னும் வைத்திருக்கும் நேயர்கள், வருகிற பங்குனியிலோ புரட்டாதியிலோ, பொழுதுபட்டு ஓரிரு மணி நேரம் சென்றபின் தூரதேச நிலையம் ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். சில இரவுகளில் பாடகரின் குரல், சுழலும் விசிறியின் முன்னே பாடுவது போல வேகமாக அதிரும். அந்த அதிர்வு நள்ளிரவை ஒட்டி மெல்ல அடங்கிவிடும். பெட்டியிலே கோளாறு என்று எண்ணித் திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டாம். அந்த நேரத்திலே குமிழிகள் நமது கூரைக்கு மேலாகக் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.