லிங்க் இல்லாத நாள்

தக்காளி விற்ற பணத்தை எடுக்க பாலக்கோட்டில் ஒரு வங்கிக்குப் போகிறீர்கள். கவுண்டரில் இருப்பவர், "லிங்க் இல்லைங்க, சாயங்காலம் வாங்க" என்கிறார். பாஸ்புக் உங்கள் கையில் இருக்கிறது. கணக்கு இருப்பது ஏதோ ஒரு பெருநகரத்துக் கணினியில். நடுவில் உள்ள தடம் அறுந்துவிட்டது.

கிளை அலுவலகத்துக்கு அந்தத் தடத்தைப் போட பழைய வழி லீஸ்டு லைன். தொலைபேசி நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுக்கும் தனித்தடம் அது. பேசிய வேகம் எந்நேரமும் கிடைக்கும். அறுந்தால் எத்தனை மணிக்குள் சரிசெய்வது என்று ஒப்பந்தமும் உண்டு. வாடகைதான் கனம். வேகமும் அன்று பெரிதில்லை: 2005-இல் மாநிலம்தோறும் அரசு அலுவலகங்களை இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. வட்டார அலுவலகம் வரை குறைந்தது 2 மெகாபிட் வேகம் என்பது அன்றைய கணக்கு. தமிழ்நாட்டில் அந்த வலையமைப்பு மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. இன்று சாதாரண வீட்டு ஃபைபர் இணைப்பே அதைப் போலப் பல மடங்கு வேகம்.

அப்படியானால் மலிவான இணையத்திலேயே கிளையை இணைத்துவிடலாமே? இணைக்கலாம். வி.பி.என். என்கிற முறையில் தகவலைப் பூட்டி அனுப்புகிறார்கள். வழியில் எடுத்தாலும் படிக்க முடியாது. இணையம் என்றாலே திருட்டுப் பயம் நமக்கு. உண்மையில், பூட்டாமல் அனுப்பும் லீஸ்டு லைனைவிட இது பத்திரம். குறை வேறு இடத்தில் இருக்கிறது: எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் தடம், கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும், உத்தரவாதம் தர ஆள் இல்லை.

அதற்கு ஒன்றுக்கு இரண்டாக இணைப்பு வாங்கிவைத்தால் போதும் என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு நிறுவனத்தின் கேபிளும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் படுத்திருக்கலாம், ஜே.சி.பி. ஒரு முறை தோண்டினால் இரண்டும் போச்சு. சரி, ஒன்று செல்போன் டவர் வழியாக இருக்கட்டும் என்றால், அந்த டவருக்கே அதே கேபிள்தான் வந்துகொண்டிருக்கலாம்! மண்ணை நம்பாத வழி செயற்கைக்கோள். 1999-இல் நம் வங்கிகளுக்கென்று தொடங்கிய இன்ஃபினெட் வலையமைப்பு மொட்டைமாடித் தட்டு ஆன்டெனாக்களை நம்பித்தான் நடந்தது. 36,000 கிலோமீட்டர் மேலே போய் வருவதால் பதில் வர அரை நொடி பிடிக்கும். பணம் எடுக்க அது பெரிய தாமதமா என்ன?

என் கருத்து, சின்னக் கிளைக்கு இணையமே போதும். மிச்சமாகும் வாடகையில் வேறு பாதையில் வரும் இரண்டாவது தடம் வாங்கலாம். கையெழுத்துப் போடும் முன், கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று வரைபடம் கேளுங்கள். வாங்கியபின் மாதம் ஒருமுறை, வாடிக்கையாளர் வராத நேரமாகப் பார்த்து, முதல் லைனைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.