வழித்துணை

திருச்சிற்றம்பலம்.



மலைமேல் எழுந்தருளிய பெருமானைக் காணப் புறப்படும் அடியார்க்கு, உடன் வருவோர் எத்தகையர் என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்திலே திண்ணனாரின் முதல் வேட்டையை அறிவீர்கள். ஓடிய பன்றியைத் தொடர்ந்து சென்றவர்கள் மூவர்: திண்ணனார், நாணன், காடன். பன்றி வீழ்ந்தது. நீர் வேட்கை மிகுந்தது. பொன்முகலியாறு அருகில் உண்டென்று வழி சொன்னவன் நாணன். எதிரே தோன்றிய காளத்தி மலையைக் கண்டு திண்ணனார் வினவ, அங்கே குடுமித்தேவர் இருக்கிறார், சென்று கும்பிடலாம் என்று சொன்னவனும் அவனே. காடன் தீக்கடைந்து கீழே இருக்க, இருவரும் மலையேறினர். திண்ணனாருக்கு அம்மலை புதிது, நாணனுக்கோ பழையது. முன்னொரு நாள் நாகனோடு வந்து, அந்தணர் ஒருவர் இறைவனுக்கு நீராட்டிப் பூவும் இலையும் சாத்தியதைக் கண்டவன் அவன்.

இனி நிகழ்ந்ததைக் கவனியுங்கள். மலையை அணுக அணுகத் திண்ணனார் தம் மேலிருந்த பாரம் குறைவதாக உணர்கிறார். பெருமானைக் கண்டதும் ஓடித் தழுவுகிறார், கண்ணீர் பெருகுகிறது. நாணனுக்கோ இது பித்தாகத் தோன்றுகிறது. உடும்பு பற்றியது போல் விடாது பற்றிக் கொண்டான் என்று காடனிடம் சொல்லி, இருவரும் நாகனுக்கு அறிவிக்கப் போய்விடுகிறார்கள். நாணன் கண்ணெதிரே இலிங்கம் இருந்தது. அவன் பக்கத்திலேயே கண்ணப்பர் இருந்தார். இருவரையும் அவன் கண்டான், இருவரையும் அறிந்திலன்.

இதனோடு வைத்து எண்ணத்தக்க ஒரு செய்தியைச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை கடந்து காணும் வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் என்பர். மூங்கிற்கோலை ஊன்றியே அம்மலையை ஏறுவது வழக்கம். எம்மிடம் சித்தாந்தம் பயிலும் அன்பர் ஒருவர், ஐம்பத்தெட்டு வயதினர், ஒரு பங்குனி மாதத்தில் அங்கே தனியே சென்றார். கோல் விற்கும் கடையருகே விசைத்தறித் தொழிலாளியான ஓர் இளைஞர் அறிமுகமானார். "ஐயா, தனியாகவா ஏறுகிறீர்கள்? நானும் வருகிறேன்" என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

விடியற்காலையில் ஏறத் தொடங்கினர். சிகரத்தைப் பார்க்காமல் அடுத்த படியைப் பாருங்கள், ஏறும்போது பேசாதீர்கள், நீரை வாய் நனையுமளவே பருகுங்கள் என்று இளையவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாம் மலையில் பெரியவருக்கு மார்பு இறுகியது, மூச்சு வாங்கியது. "தம்பி, நான் இங்கே அமர்ந்திருக்கிறேன். நீங்கள் தரிசித்து வாருங்கள்" என்றார். அந்த இளைஞரோ, தம் குழந்தை நோய் தீர்ந்ததற்காக நேர்ந்துகொண்டு வந்தவர். எஞ்சியவை இரண்டே மலைகள். அவர் ஏழாம் மலையை நோக்கித் தலைமேற் கைகுவித்தார். கோலைப் பெரியவர் கையில் கொடுத்தார். தம் தோளைக் கொடுத்து இறங்கத் தொடங்கினார். அடிவாரம் சேர மாலையாயிற்று. மருத்துவமனையில், இதயக் குழாயில் அடைப்பு என்றும், தக்க நேரத்தில் வந்தீர்கள் என்றும் சொன்னார்கள்.

உடல் தேறியபின் அவ்வன்பர் எம்மிடம் வந்து கலங்கினார். "என் பொருட்டு ஒருவருடைய நேர்த்தி தடைப்பட்டதே. அவருக்குத் தரிசனம் இல்லாமற் போயிற்றே" என்றார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நேர்ந்த கடனை நிறைவேற்றுதல் அடியார்க்குக் கடமையன்றோ?

ஆயினும் நூல்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம், மெய்யன்பர் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரன் எனத் தொழச் சொல்கிறது. நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது இறைவனுக்கே சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. ஆகவே, "அவர் ஏழாம் மலைக்குப் போகவில்லை, ஆனால் வழிபாடு செய்யாமல் இறங்கவில்லை. உம்மைத் தாங்கிய தோளிலே அவருடைய நேர்த்தி நிறைவேறியது" என்று விடை கூறினேன்.

நாணன் கோயிலைக் கண்டான், அடியாரை அறிந்திலன். இவ்விளைஞரோ அன்று கோயிலைக் கண்டிலர், அடியாரை அறிந்தார். நாணனை நாம் இகழவும் கூடாது. அவன் வழி சொல்லாதிருந்தால் திண்ணனார் அன்று அம்மலை ஏறியிருப்பாரா? வழி காட்டுவதும் துணையே. ஆனால் உடன் வருபவர் உள்ளத்தையும் மூச்சையும் உணர்ந்து நடப்பதே முழுத் துணை.

அன்பர்களே, இவ்வாண்டும் உங்களிற் பலர் மலையேறப் போவீர்கள். வயது முதிர்ந்தோரும் நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுங்கள். விரைந்து ஏறுவதிற் பெருமையில்லை. பக்கத்தில் வருபவர் பெயர் தெரியாதவராயினும் அவர் நெற்றியில் நீறு இருக்கிறது, அது போதும். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அவர் இறங்க வேண்டுமாயின் நீங்களும் இறங்குங்கள். மலை அங்கேயே இருக்கும். பெருமானும் அங்கேயே இருப்பான். துணையின்றி விடப்பட்ட உயிர் அவ்வாறு காத்திருக்க மாட்டாது.

திருச்சிற்றம்பலம்.